பெட் வைத்திருப்பவருக்கும் வாள்வீரனுக்கும் இடையே சமநிலை கொண்டுவருவது எப்படி?

இணையவழி ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுகளில், தனக்காகச் சண்டையிடும் துணை உயிரினமான பெட்டை வரவழைத்தவர் எட்ட நின்றே வெல்ல, வாளேந்தி நெருங்குபவர் மட்டும் அடிபட்டுச் சாவது ஏன் என்று செங்கோட்டைத் தம்பி கேட்டிருக்கிறார்.

பெட்டின் அடியைக் குறைத்தால் போதும் என்பது பாதித் தீர்வுதான். நெருங்கிச் சண்டையிடுபவர் ஓர் இடப்பரப்பு முழுவதையும் தாக்கும் எதிரியின் பரப்புத் தாக்குதலுக்கு விலகும் ஒவ்வொரு நொடியும் அவருடைய தாக்குதல் நின்றுபோகிறது. பெட் செத்தாலோ, உரியவர் இன்னொன்றை அழைத்துக்கொள்வார். ஆகவே மறுஅழைப்புக்கு நீண்ட காத்திருப்பும் கணிசமான மானா (மந்திர ஆற்றல்) செலவும் வைத்து, அந்த இழப்பை உறைக்கச் செய்ய வேண்டும். அதற்காகப் பெட்டை ஈசலாக்கிவிடவும் கூடாது. 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், பின்னாளில் வேட்டைக்காரரின் பெட்டுகளுக்குப் பரப்புத் தாக்குதலின் சேதத்தை 90 விழுக்காடு குறைத்தது.

புளியரை தாண்டினால் கேரளம் என்கிற மலையடிவாரத்தில், சாரல் காலத்தில் இணைப்பு தடுமாறுவதும் உங்களுக்கு ஒரு தொல்லை. பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம், 200 மில்லிநொடியைத் தாண்டினால், திரையில் எதிரே நிற்பவன் சர்வர் கணக்கில் ஏற்கெனவே நகர்ந்திருப்பான், வாள்வீச்சு வீணாகும். பெட்டின் நகர்வைப் பெரும்பாலும் சர்வரே கணக்கிடுவதால் அதற்கு இந்தத் தாமதம் அவ்வளவாக உறைப்பதில்லை. எனவே, நெருங்கிப் போரிடும் பாத்திர வகுப்புகளுக்குப் பாய்ந்து எட்டும் திறனையும் சற்றுத் தாராளமான தாக்குதூரத்தையும் தருவதையே முதல் திருத்தமாக நான் பரிந்துரைப்பேன்.