கனடா அஸ்பிரின், லண்டன் பிரஷர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியளில பாதிக்கு மேல வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளும் மருமக்களும் போனில சொன்ன வைத்தியம் பற்றித்தான். சரி, ஒவ்வொண்டாப் பாப்பம்.

அப்பாவுக்கு 74 வயசு. இதுவரைக்கும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ஒண்டும் வந்ததில்லை. ரொறன்ரோவில இருக்கிற அண்ணா அனுப்புற அஸ்பிரினைக் கனகாலமா ஒவ்வொருநாளும் போடுறார். இப்ப கிளினிக்கில புதுசா வந்த டொக்டர் உதை நிப்பாட்டுங்கோ எண்டிட்டா. அண்ணா போனில சண்டை. ஆற்ற கதையைக் கேக்கிறது?
– வாசகி, கோண்டாவில்

டொக்டர்ட கதையைக் கேளுங்கோ தங்கச்சி. அண்ணாவையும் ஏசாதேங்கோ, அவர் பழைய கதையில நிக்கிறார், அவ்வளவுதான், ஒரு காலம் 50 தாண்டினா நாளுக்கு ஒரு சின்ன அஸ்பிரின் எண்டு அமெரிக்காவிலயே கனபேர் போட்டவை. 2018 இல ஆஸ்பிரீ எண்ட ஆய்வு வந்து அந்தக் கதையை மாத்திப்போட்டுது. அவுஸ்திரேலியாவிலயும் அமெரிக்காவிலயும் 19,114 பேர், அனேகமா எல்லாரும் 70 தாண்டினவை, உங்கட அப்பா மாதிரி இதய வருத்தம் வராத ஆக்கள். பாதிப்பேருக்கு 100 மில்லிகிராம் அஸ்பிரின், மற்றப் பாதிக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் குளிசை, கிட்டத்தட்ட 5 வருசம் பாத்தினம். மாரடைப்புக் குறையேல்லை, ஆயுளும் கூடேல்லை. ஆனா பெரிய இரத்தக்கசிவு மட்டும் 2.8 வீதத்திலயிருந்து 3.8 வீதமாக் கூடிச்சு, வயித்துக்குள்ளயும் மண்டைக்குள்ளயும் கசியிறது இதில அடங்கும். 2022 இல அமெரிக்க நிபுணர் குழுவும் 60 தாண்டினவை புதுசாத் தொடங்க வேண்டாம் எண்டு சொல்லிட்டுது.

இதில ஒரு கொளுக்கி இருக்கு. புதுசாத் தொடங்காதே எண்டுறதும் கனகாலமாப் போடுறதை நிப்பாட்டு எண்டுறதும் ஒரே கேள்வி இல்லை, ரெண்டாவதுக்கு அவ்வளவு உறுதியான பதில் இன்னும் இல்லை, டொக்டர்மாரே இதில ரெண்டு பக்கமா நிக்கினம். அந்தக் குழு சொன்னது 75 வயசளவில நிப்பாட்டுறதைப் பற்றி யோசிக்கலாம் எண்டு. அப்பாவுக்கு 74, கிளினிக்கில கொப்பியைப் பாத்த டொக்டரே சொல்லுறா, பிறகென்ன. ஆனா ஒண்டு, இதை வாசிச்சிட்டு ஸ்டென்ட் வைச்ச, ஒருக்கா அட்டாக் வந்த, பாரிசவாதம் வந்த ஆக்கள் ஆரும் தங்கட அஸ்பிரினை நிப்பாட்டிப் போடாதேங்கோ! அவைக்கு அந்தக் குளிசை வேற கணக்கு, அதால அவைக்கு வாற நன்மை எப்பவோ நிரூபிச்ச விசயம்.

எனக்கு 58. பிரஷரும் சீனியும் இருக்கு. லண்டனில டொக்டரா இருக்கிற மருமகன் மேல் அளவு 120 க்குக் கீழ வரவேணுமாம் எண்டுறார். இங்க கிளினிக்கில 138 ஐப் பாத்திட்டு "பரவாயில்லை ஐயா" எண்டினம். மூண்டு மருந்தை ஒரு குளிசைக்குள்ள போட்டு வருதாமே, அது நல்லதோ?
– வாசகர், சாவகச்சேரி

அண்ணை, உங்கட மருமகன் 120 எண்டு சொல்லுறது அனேகமா 2015 இல வந்த ஸ்பிரின்ட் ஆய்வை வைச்சுத்தான். அமெரிக்காவில 9,361 பேர். 120 க்குக் கீழ இறக்கின பக்கம் மாரடைப்பு, ஸ்ட்ரோக், ஹார்ட் பெயிலியர் மாதிரி வில்லங்கம் வருசத்துக்கு 2.19 வீதத்திலயிருந்து 1.65 வீதமாக் குறைஞ்சது. நல்லம்தான். ஆனா மயங்கி விழுறதும் சிறுநீரகம் அடிபடுறதும் அந்தப் பக்கம் கூட. அதோட அந்த ஆய்வில சீனி வருத்தக்காரர் ஒருத்தரையும் சேர்க்கேல்லை! அதாவது உங்களை மாதிரி ஆள் அதுக்குள்ள இல்லை. சீனிக்காரருக்கெண்டு 2010 இல அக்கோர்ட் எண்டு ஒரு ஆய்வு வந்தது, அதில 120 க்கு இறக்கி மொத்தமாப் பெரிய வித்தியாசம் காணேல்லை, ஸ்ட்ரோக் மட்டும் குறைஞ்சது. சரி விசயம் முடிஞ்சுது எண்டு பாத்தா 2024 இல சீனாவில 12,821 சீனி வருத்தக்காரரை வைச்சுச் செய்த ஆய்வில 120 தான் நல்லம் எண்டு வருது. இப்ப மருமகனும் பிழை இல்லை, கிளினிக்கும் முழுப்பிழை இல்லை, ஆனா உங்களுக்குச் சீனியும் இருக்கிறதால 130 க்குக் கிட்ட கொண்டுவரலாமோ எண்டு அடுத்த கிளினிக்கில கேளுங்கோ. 138 ஐப் பரவாயில்லை எண்டு விடுறது எனக்கு அவ்வளவு பிடிக்கேல்லை.

அதைவிட முக்கியம் அந்த 138 எப்பிடி எடுத்தது எண்டுறது. ஸ்பிரின்ட்டில ஆளை அமைதியா 5 நிமிசம் இருத்திப்போட்டு மெசினால மூண்டு தரம் எடுத்துச் சராசரி பாத்தவை. எங்கட ஆக்கள் விடியவெள்ளன எழும்பி பஸ் பிடிச்சு நம்பர் எடுத்து, சாப்பிடாம, பக்கத்தில இருக்கிறவரோட காணிப் பிரச்சினை கதைச்சுக்கொண்டு லைனில நிண்டுபோட்டு, கூப்பிட்ட உடன ஓடிப்போய்க் கையை நீட்டுறது, அதுவும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு. அதில வாற நம்பரும் ஸ்பிரின்ட் நம்பரும் ஒண்டில்லை. வீட்டில மெசின் இருந்தா (லண்டனில சொன்னா ஒரு கிழமையில வந்திடும்) காலமையும் பின்னேரமும் முதுகு சாய்ஞ்சு, கால் நிலத்தில பட, கதைக்காம இருந்து எடுத்து ஒரு கிழமை எழுதிக்கொண்டு போங்கோ. அந்தத் துண்டு டொக்டருக்கு உங்கட வாயை விடக் கன விசயம் சொல்லும்.

மூண்டு இன் ஒண்டு குளிசை பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தோசமாச் சொல்லலாம், ஏனெண்டா அந்த ஆய்வு நடந்ததே எங்கட நாட்டில. டிரையம்ஃப் எண்டு பேர், 2018 இல வெளிவந்தது, இலங்கை ஆஸ்பத்திரி கிளினிக்குகளில 700 பேர். டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம், மூண்டும் பிரஷர் மருந்துதான், மூண்டிலயும் குறைஞ்ச அளவு, ஒரே குளிசை. 6 மாசத்தில இலக்குக்கு வந்தவை அந்தப் பக்கம் 70 வீதம், வழமையான வைத்தியத்தில 55 வீதம். பக்கவிளைவால விட்டவை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு மருந்தை முழு அளவுக்கு ஏத்தினாப் பக்கவிளைவு ஏறுற அளவுக்கு பிரஷர் இறங்காது, மூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா மூண்டு வழியால இறங்கும், அதுதான் விசயம். எதிர்க்கிற டொக்டர்மாரும் இருக்கினம், கால் வீங்கினா எது செய்தது எண்டு எப்பிடிப் பிடிக்கிறது, ஒண்டை மட்டும் எப்பிடிக் கூட்டுறது எண்டு கேக்கினம், நியாயமான கேள்வி. ஆனா நாலு குளிசை எழுதிக்குடுத்தா ரெண்டை மட்டும் போடுற எங்கட சனத்துக்கு ஒரு குளிசைதான் சரி எண்டு நான் நினைக்கிறன். உங்களுக்குச் சீனி எண்டபடியால கிட்னி, பொட்டாசியம் ரெஸ்ட் பாத்துத்தான் எழுதுவினம், நீங்களே பாமசியில போய்க் கேட்டு வாங்கிறேல்லை.

வெறும் வயித்தில மஞ்சள் தண்ணி குடிச்சா ஹார்ட்டில உள்ள அடைப்புக் கரையுமோ?
– வாசகர், மானிப்பாய்

கரையாது. மஞ்சளைக் கறிக்குப் போடுங்கோ.

சுவிசில இருக்கிற தங்கச்சி அம்மாவின்ர 60 ஆவது பிறந்தநாளுக்கு ஃபுல் பொடி செக்கப் பக்கேஜ் ஒண்டு புக் பண்ணி விட்டிருக்கிறா. அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. செய்யிறதால நட்டம் ஒண்டும் இல்லைத்தானே?
– வாசகி, நல்லூர்

நட்டம் இருக்கு பிள்ளை, காசைச் சொல்லேல்லை. தென்கொரியாவில 1999 இல அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கேக்க கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பி அதில இல்லை. ஆனா ஆஸ்பத்திரியள் கொஞ்சக் காசு கூடக் குடுத்தா கழுத்தையும் ஸ்கான் பண்ணிவிடுறம் எண்டு சேத்து வித்ததில சனம் அள்ளுப்பட்டுது. 2011 இல தைரொயிட் கான்சர் எண்டு கண்டுபிடிச்ச வீதம் 1993 இல இருந்ததை விட 15 மடங்கு. சரி, அந்தளவு பேரைக் காப்பாத்தியிருக்கினம் எண்டு பாத்தா தைரொயிட் கான்சரால சாகிற ஆக்களின்ர அளவு அப்பிடியே கிடந்தது, அசையேல்லை. சாகும்வரைக்கும் ஒண்டும் செய்யாமக் கிடந்திருக்கிற சின்னக் கட்டியைத் தேடிப் பிடிச்சு வெட்டினதுதான் மிச்சம். வெட்டின ஆக்களில கனபேர் சீவியம் முழுக்கத் தைரொயிட் குளிசை போடவேணும், கொஞ்சப்பேருக்குக் குரல் நரம்பும் போச்சு.

அம்மாவுக்கு என்ன வேணுமெண்டா பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், கண், பல்லு. கர்ப்பப்பை வாசல் பரிசோதனை செய்யேல்லை எண்டா எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒப்பீஸில வெல் வுமன் கிளினிக் நடக்கும், அங்க காசில்லாமலே செய்யலாம், 35 வயசிலயே கூப்பிடுறவை, எங்கட பெண்டுகள் வெக்கத்தில போறேல்லை. மார்பில கட்டி கிட்டி எண்டா அது செக்கப் இல்லை, அண்டைக்கே காட்டவேணும். தங்கச்சி காசு கட்டிட்டா எண்டா அந்தப் பக்கேஜில வயிறு கழுத்து முழுக்க ஸ்கான், இரத்தத்தில பாக்கிற பேர் விளங்காத கான்சர் மார்க்கர் எல்லாம் கிடந்தா அதுகளை விட்டிட்டு மிச்சத்தைச் செய்யச் சொல்லுங்கோ.

கிளினிக்கில தாற குளிசை ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு நிறத்தில வருது. ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்யாது, வெளியில பெரிய கொம்பனி மருந்து வாங்குங்கோ எண்டு பக்கத்து வீட்டு மாமி சொல்லுறா. உண்மையோ?
– வாசகர், பருத்தித்துறை

அனேகமாப் பொய். நிறம் மாறுறது கொம்பனி மாறுறதால, உள்ள இருக்கிற மருந்து ஒண்டுதான். ஜெனரிக்கில (கொம்பனிப் பேரில்லாம மருந்தின்ர சொந்தப் பேரில வாற குளிசை) மருந்து 20 வீதம் குறைவா இருக்கலாமாமே எண்டு படிச்ச ஆக்களும் கதைக்கினம், அது கணக்கைப் பிழையா விளங்கினது. 2009 இல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆக்கள் 2,000 க்கு மேல ஒப்பீடுகளைப் பாத்ததில இரத்தத்துக்குள்ள போற அளவில சராசரி வித்தியாசம் 4 வீதத்துக்கும் குறைவு. எங்கட மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இந்த ஜெனரிக் கதையை 1971 இலயே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை வைச்சுத் தொடங்கிக் காட்டினவர், பிறகு மற்ற நாடுகளும் பாத்துப் படிச்சது.

மாமியின்ர பயத்துக்கும் காரணம் இருக்கு, அதை மறைக்கேலாது. 2022 இல மருந்தே இல்லாமப் போனதும், 2023 இல தரமில்லாத இம்யூனோகுளோபியூலின் எண்ட ஊசிமருந்து ஆஸ்பத்திரிக்குள்ள வந்து அந்த வழக்கில சுகாதார மந்திரியாய் இருந்தவரே அடுத்த வருசம் கைதானதும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அது ஜெனரிக்கின்ர பிழை இல்லை, தரம் பாக்காம உள்ள விட்டவையின்ர பிழை, பெரிய கொம்பனியின்ர பேரில வாற போலி மருந்தும் உலகத்தில இருக்கு. வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமப் போடுற வார்பரின், தைரொயிட்டுக்குப் போடுற தைரொக்சின் போடுற ஆக்கள் மட்டும் கொம்பனி மாறினா டொக்டருக்குச் சொல்லுங்கோ, இதுகளில சின்ன வித்தியாசமும் சிலபேருக்குக் காட்டும். மற்றாக்கள் குளிசை மட்டையில இருக்கிற மருந்துப் பேரையும் திகதியையும் பாத்துப்போட்டு, பழைய மட்டையையும் புது மட்டையையும் ஒரே மருந்தெண்டு தெரியாம ரெண்டையும் சேத்துப் போடாம இருந்தாச் சரி, நிறம் மாறின குளிசையால வாற உண்மையான ஆபத்து அதுதான்.