பழைய சோறும் தயிரும் வயிற்றுக் கிருமியைத் தடுக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 45. மேல்வயிற்று வலிக்காக எண்டோஸ்கோப்பி செய்ததில் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' கிருமி இருப்பது தெரிந்தது. 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். வாய்க்கசப்பும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் எட்டாம் நாளே நிறுத்திவிட்டார். இப்போது காலையில் பழைய சோறு, இரண்டு வேளை தயிர், வலி இல்லை. இதனால் கிருமி மறுபடி வராமல் இருக்குமா? பிள்ளைகளுக்குத் தொற்றாமல் தடுக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: மறுபடி வருமா என்கிறீர்கள். அது முதலில் போய்விட்டதா என்பதே இன்னும் தெரியவில்லை. வலி நின்றதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையிலேயே வலி அடங்கிவிடும்.

இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியால் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி, அமிலத்தைச் சமாளித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் குடியிருக்கும். தயிரிலும் பழைய சோற்றிலும் உள்ள பாக்டீரியாக்கள் வழிப்போக்கர்கள்தான். அவற்றால் இதைக் கொஞ்சம் அடக்க முடியலாம், காலி செய்ய முடியாது.

ஆனால் தயிரை ஒதுக்கச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடும் நாட்களில்தான் புரோபயாடிக் (தயிரில் இருப்பது போன்ற நல்ல பாக்டீரியா) உண்மையிலேயே உதவும். வயிற்றுப்போக்கு குறையும், முழுக்கோர்ஸையும் முடிக்க முடியும். மாத்திரைக்கும் தயிருக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடட்டும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் இது கட்டாயம். தயிரில் உள்ள கால்சியம் அந்த மருந்தை உடலில் சேரவிடாது. இன்னொன்று: இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் அந்த பாக்டீரியாக்கள் செத்துவிடும். கொதித்த மோர்க்குழம்பும் அப்படியே. ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு அதிக உப்பு இரைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். கிருமியையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அறிவித்துவிட்டது.

சரி, இப்போது என்ன செய்வது? மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து பாருங்கள். ஆன்டிபயாடிக் நிறுத்தி நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பான்டாப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். கிருமி இருந்தால் மிச்சம் கிடக்கும் பழைய மாத்திரையை எடுத்து விழுங்க வேண்டாம். பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகியிருக்கலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் பிஸ்மத் என்ற மருந்து சேர்ந்த வேறு கூட்டு மருந்துக்கு மாற்றுவோம்.

பிள்ளைகள் விஷயத்தில் தயிரை நம்பாதீர்கள். இது பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுவது. கொதித்து ஆறிய நீர், கழிப்பறைக்குப் போய் வந்ததும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், எச்சில் டம்ளரையும் ஸ்பூனையும் பகிராமை இவைதான் முக்கியம். தொந்தரவு இல்லாத பிள்ளைக்குப் பரிசோதனை தேவையில்லை. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் பெரியவர்கள் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பிஸ்மத் சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அந்த மருந்தோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிடாமலே தார்போலக் கறுத்துப் போனால், வாந்தியில் ரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.