பாங்காக் விகாரைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலைக்காக பாங்காக் வந்திருக்கிறேன். விடிகாலையில் தெருவில் வரும் பிக்குகளுக்கு நானும் உணவு தரலாமா? பணமாகக் கொடுத்தால் தவறா?

பதில்: தாராளமாகத் தரலாம், நீங்கள் பௌத்தராக இருக்க வேண்டியதில்லை. ஐந்தரை மணியிலிருந்து ஏழுக்குள் அவர்கள் வரும் வழியில் நில்லுங்கள். பிக்கு வெறுங்காலோடு வருவார், நீங்களும் செருப்பைக் கழற்றிவிடுங்கள். அவர் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் சோற்றுப் பொட்டலம், ரப்பர் பேண்ட் சுற்றிய குழம்புப் பை, தண்ணீர் பாட்டில் என ஒவ்வொன்றாக உள்ளே வையுங்கள். பெண்கள் பாத்திரத்தில் இடலாம், பிக்குவின் கையில் நேராகக் கொடுப்பதுதான் கூடாது.

உணவு சமைத்ததாக இருக்கட்டும். நண்பகலுக்குப் பின் பிக்கு உண்பதில்லை. இன்று ஏற்ற உணவை நாளைக்கென்று எடுத்துவைத்து உண்ணவும் விநயம், அதாவது பிக்குகளுக்கான ஒழுக்க விதி, இடம் தராது. இவ்வளவு பெரிய நகரத்திலும் துறவி தினமும் தெருவுக்கு வருவது இதனால்தான். ஊரையும் விகாரையையும் பிரியவிடாமல் வைத்திருக்கும் அருமையான ஏற்பாடு இது.

பாத்திரத்தில் பணம் போடாதீர்கள். பலர் போடுகிறார்கள், ஆனாலும் பிக்கு பணத்தைத் தொடுவதை விநயம் தடுக்கிறது. விகாரை உண்டியலில் போடுங்கள். சந்தை வாசலில் வெயில் ஏறிய பிறகும் நின்று பணம் வாங்குபவர் பிக்குதானா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

கேள்வி: பிக்குகளுக்கான பொருள்களை நிரப்பிக் கடைகளில் விற்கும் மஞ்சள் வாளியைத் தானமாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். தனியொருவருக்கு என்றில்லாமல் சங்கத்துக்கே, அதாவது பிக்குகள் அனைவருக்கும் பொதுவாக, கொடுக்கும் தானம் அது. கட்டி வைத்த வாளியை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் காகிதத்தை அடைத்து உயர்த்தியிருப்பார்கள். சோப்போடு சேர்த்துக் கட்டிய தேயிலையில் சோப்பு வாடை ஏறிவிடும். மாத்திரைகள் காலாவதியாகியிருக்கும். வெறும் வாளி வாங்கி ரேஸர், பல்துலக்கி, மின்விளக்கு, நோட்டுப் புத்தகம் என்று நீங்களே நிரப்புங்கள். உணவுப் பொருளையும் சோப்பையும் தனித்தனிப் பையில் போடுங்கள். என்ன தேவை என்று விகாரையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

கேள்வி: உடன் பணிபுரிபவரின் தாயார் இறந்துவிட்டார். சடங்கு விகாரையில் என்றார்கள். எப்படிப் போவது?

பதில்: அடுக்ககங்களில் உடலை வைக்க இடம் ஏது? அதனால் விகாரை மண்டபத்தில் வைத்து, வழக்கமாக 3, 5 அல்லது 7 இரவுகள் ஓதுகிறார்கள். நான்கு பிக்குகள் அமர்ந்து அபிதம்மம் என்ற பௌத்த மறைநூல் பகுதியை ஓதுவார்கள். தகனமும் பெரும்பாலும் அதே வளாகத்தில்தான், வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பார்கள். கறுப்பு அல்லது வெள்ளை உடுத்துங்கள். இறந்தவருக்கு ஒரே ஒரு ஊதுவத்தி, புத்தருக்கு மூன்று. பணத்தை உறையிலிட்டுக் குடும்பத்தாரிடம் கொடுங்கள்.

கேள்வி: விகாரையில் மாணவர்கள் தங்கிப் படிப்பது உண்மையா?

பதில்: உண்மை. வெளியூர்ப் பையன்கள் தங்கி, காலையில் பிக்குவின் பின்னால் பைகளைச் சுமந்து, மிஞ்சியதை உண்டு படிப்பார்கள். முன்னாள் பிரதமர் சுவான் லீக்பாய் அப்படித் தங்கிப் படித்தவர். பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லாதது பெரிய குறை.