ஊசிக்குப் பின் மாறாத களைப்பு: முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முழங்காவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: நுரையீரல் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஏற்றப்படும் என் கணவர் (58), நான்காவது ஊசிக்குப் பிறகு படலை வரை நடக்கவே களைக்கிறார், உறங்கி எழுந்தாலும் களைப்பு மாறவில்லை. ஊசியை நிறுத்தும்படி சொந்தக்காரர் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இந்தக் களைப்பை 'வருத்தக்காரருக்கு இது வழமைதானே' என்று விட்டுவிடவும் வேண்டாம். இம்மருந்து கீமோதெரபியைப் போலப் புற்றுக்கலங்களை நேரடியாகக் கொல்வதில்லை. அவை நம் நோயெதிர்ப்புக் கலங்களை அடக்கி வைத்திருக்கும் தடையை நீக்குகிறது. தடை நீங்கிய கலங்கள் சிலருக்குத் தைரொயிட், பிட்யூட்டரி, அதிரீனல் சுரப்பிகளையும் தாக்குவதால் ஹோர்மோன் குறைந்து, ஓய்வுக்கு அடங்காத களைப்பு உண்டாகிறது. இரத்தச்சோகையும் காரணமாகலாம்.

ஆகவே அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல், தைரொயிட், கோர்ட்டிசோல் (அதிரீனல் சுரக்கும் ஹோர்மோன்), சோடியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதிக்க முடியுமா என்று இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள். கோர்ட்டிசோல் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப்போய் நண்பகலில் கொடுக்கும் இரத்தத்தில் அளவு குறைந்து தெரிந்தால் அதை வைத்து முடிவெடுப்பது கடினம்; காலை எட்டு மணியளவில் கிளிநொச்சியிலேயே எடுக்க வழியுண்டா என்று விசாரிப்பது நல்லது. பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவரானால், அது கோர்ட்டிசோல் அளவை மாற்றும் என்பதால், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோர்ட்டிசோலும் தைரொயிட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் கோர்ட்டிசோலைத்தான் ஈடுசெய்வார்கள். தைரொயிட் குறையை ஈடுசெய்யும் தைரொக்சினை முந்திக் கொடுப்பது ஆபத்து. பெரும்பாலும் இவ்வாறு ஈடுசெய்துகொண்டே புற்றுநோய் ஊசியைத் தொடரலாம் என்பதைச் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள்.

பரிசோதனையில் குறை எதுவும் இல்லையென்றால், நாள் முழுவதும் படுத்திருப்பது களைப்பைக் கூட்டவே செய்யும். வன்னி வெயில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும், முதலில் சில நிமிடங்களாக, முற்றத்திலேயே நடக்கட்டும். பகல் தூக்கத்தை அரை மணிக்குள் முடிப்பது இரவுத் தூக்கத்துக்கு உதவும்.

தடை நீங்கிய கலங்கள் குடல், நுரையீரல், ஈரல், தோல் போன்றவற்றையும் தாக்கலாம் என்பதால், சில அறிகுறிகளுக்கு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. வழமையை விட நாளுக்கு நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றாலே போனால், கடையில் மருந்து வாங்கி அடக்காமல், ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) கரைத்துக் கொடுத்தபடி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புதிய இருமல், கண் மஞ்சளாதல், உடலெங்கும் பரவும் தோல் தடிப்பு ஆகியவற்றுக்கும் அப்படியே. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இதற்கெல்லாம் ஸ்டீரொயிட் தந்தால், சுகமாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. பல வாரங்களில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். நாட்டு மருந்துக் கசாயம் ஏதும் குடிப்பதாயின் அதை மறைக்காதீர்கள். ஈரலில் கோளாறு வரும்போது காரணத்தைப் பிரித்தறிய அந்தத் தகவல் தேவை.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரையும் கடைசி ஊசித் திகதியையும் பெரிதாக எழுதி வையுங்கள். இரவில் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் பார்க்கும் வைத்தியர் இதைச் சாதாரண வயிற்றோட்டமாகக் கருதிவிடாதிருக்க அது உதவும். ஊசிகள் முடிந்து பல மாதங்களின் பின்னும் இவ்விளைவுகள் தலைகாட்டலாம் என்பதால், அந்தக் கொப்பியைச் சிகிச்சை முடிந்த பிறகும் கையோடு கொண்டு செல்லுங்கள்.