நாலரை மணிக்கு எழுந்தால்தான் கொழுப்பு கரையுமா?

கேள்வி: எனக்கு 39 வயது, எடை 74 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். "விடிகாலையில் வெறும் வயிற்றோடு நடந்தால்தான் கொழுப்பு கரையும், சாயங்காலம் நடந்தால் மத்தியானச் சோறுதான் செரிக்கும்" என்று நாத்தனார் சொன்னதால் இரண்டு மாதமாக நாலரைக்கு எழுந்து நடக்கிறேன். ராத்திரி பாத்திரம் கழுவிப் படுக்க பதினொன்றரை ஆகிவிடும். 2 கிலோ குறைந்திருக்கிறது, ஆனால் பழைய சுடிதார் இன்னும் இடுப்பில் பிடிக்கிறது. மத்தியானம் சீட்டிலேயே தூங்கி விழுகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்பியதும் நடந்தால் பலன் இருக்காதா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இருக்கும், தாராளமாக நடங்கள். இதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிடவில்லை.

ஆனால் அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு நடந்தால் அந்த நேரத்தில் இன்சுலின் (கொழுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லும் ஹார்மோன்) குறைவாக இருக்கும், அதனால் உடம்பு கொஞ்சம் கூடுதலாகவே கொழுப்பை எடுத்து எரிக்கும். அப்புறம் என்ன ஆகும் என்றால், மிச்ச நேரத்தில் அதே உடம்பு கொழுப்பைக் குறைவாக எரித்துச் சரிக்கட்டிவிடும். நீங்களே கணக்கு எழுதுகிறவர், காலை ஏழு மணி வரை வந்த வரவை மட்டும் பார்த்துவிட்டு இன்றைக்கு லாபம் என்று நோட்டை மூடுவீர்களா? 2014-இல் அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 20 இளம்பெண்களுக்குச் சாப்பாட்டை ஒரே அளவில் குறைத்து, பாதிப் பேரை வெறும் வயிற்றிலும் மீதிப் பேரைச் சாப்பிட்ட பிறகும், வாரம் 3 நாள் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொழுப்பு குறைந்ததில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்துகிறது.

நாத்தனார் பக்கமும் ஒரு சாட்சி உண்டு, மறைக்கக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்கிட்மோர் கல்லூரியில் நடந்து 2022-இல் வெளியான 12 வார ஆய்வில், காலையில் பயிற்சி செய்த பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது, மாலையில் செய்தவர்களுக்கு மேலுடம்பு வலு அதிகம் ஏறியது. அதுவும் சின்னக் கூட்டம்தான். தூக்கத்தோடு காலையில் எழ முடிகிறவர்கள் காலையிலேயே செய்யட்டும், நான் தடுக்கவில்லை.

உங்களுக்கு முடியவில்லையே, அதுதான் பிரச்சினை. பதினொன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே ஐந்து மணி நேரம்தான், படுத்த உடனே தூக்கம் வந்தால். 2010-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், எடை கூடிய 10 பேரை ஒரே மாதிரிக் குறைவான சாப்பாட்டில் வைத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும் இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க விட்டார்கள். எடை இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதியெல்லாம் தசை மாதிரி கொழுப்பில்லாத எடை, பசியும் கூடியது. உங்கள் 2 கிலோவில் எவ்வளவு கொழுப்பு என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் எடை குறைந்தும் சுடிதார் பிடிக்கிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இந்தத் தூக்கத்தின் மேல்தான்.

அதனால் அலாரத்தை ஆறு மணிக்கு மாற்றுங்கள். பத்தே முக்காலுக்குள் படுத்துவிடப் பாருங்கள் (அந்தப் பாத்திரங்களை வீட்டில் வேறு யாராவது கழுவினால் கை தேயாது என்பதையும் எழுதிவிடுகிறேன், அவர்களும் படிக்கட்டும்). ஆறரைக்கு வந்ததும் உட்காராமல், செருப்பை மாற்றிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுங்கள், உட்கார்ந்தால் அவ்வளவுதான். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். அந்த வேகத்தில் உங்கள் எடைக்கு அரை மணி நேரத்தில் சுமார் 150 கலோரி செலவாகும், திரும்பி வரும் வழியில் டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டால் அது போய்விடும். ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி இருக்கிறது என்பதால் நடை மட்டும் போதாது, தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பு, முட்டை, சுண்டல் என்று எதையாவது கூட்டித்தான் ஆக வேண்டும்.

வாரம் இரண்டு நாள் நடையோடு பத்து நிமிடம் தசைக்கும் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, இவ்வளவு போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் ஒரு கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் ரத்தச் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி எதையும் படுக்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவராக இருந்தால் (நீங்கள் எழுதவில்லை), வெறும் வயிற்றில் நடப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், சிலருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

இடுப்பை டேப் வைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலையில் அளந்தால் போதும். அந்தப் பழைய சுடிதாரை மட்டும் மாதம் ஒரு முறைக்கு மேல் போட்டுப் பார்க்காதீர்கள்.