முதியோர் இல்லம்: இரவு ஆட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 79. பக்கவாதம் வந்ததில் இடது கை, கால் பலவீனம். வாக்கர் பிடித்து நாலடி நடப்பார். மறதியும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லம் பார்த்தோம். தோட்டம், கோயில், சிசிடிவி எல்லாம் இருக்கிறது. மாதம் 28,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம். நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: தோட்டமும் கோயிலும் இருக்கட்டும். இந்த நிலையில் அம்மாவின் பொழுது பெரும்பாலும் கட்டிலிலும் பாத்ரூமிலும்தான் போகும். அந்த இரண்டையும் நன்றாகப் பார்த்தீர்களா?

பாத்ரூமுக்குள் நீங்களே போய் கமோடில் உட்கார்ந்து பாருங்கள். அம்மாவுக்கு வலது கைதான் பலம். கைப்பிடி இடது பக்கச் சுவரில் இருந்தால் அவருக்கு அது இருந்தும் இல்லாததுதான். கட்டிலும் அப்படியே: வலது பக்கமாக இறங்கும்படி போட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் கதவைத் தள்ளித் திறக்கவே முடியாது.

அடுத்தது பதிவு. தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டி "ரெஜிஸ்டர் பண்ணதுதான் சார்" என்பார்கள். அது வேறு, இது வேறு. இல்லத்துக்கான சான்றிதழையே கேட்டு, தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தீயணைப்புத் துறையின் சான்றையும் கேளுங்கள். தயங்க வேண்டாம், லட்ச ரூபாய் கொடுக்கப் போகிறவர் நீங்கள்.

காகிதம் சரியாக இருந்தால் போதாது. நான் முக்கியமாகக் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அந்த மாடியில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? "24 மணி நேரமும் ஆள் உண்டு" என்ற பதிலை ஏற்காதீர்கள். பல இடங்களில் அதற்கு அர்த்தம், வராண்டாவில் பாய் விரித்துத் தூங்கும் ஒரு ஆயா. அவரைக் குறை சொல்ல முடியாது, பகல் டியூட்டியும் பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். ஒருவரைத் திருப்பி, துடைத்து, டயப்பர் மாற்றப் பத்து நிமிஷம். அப்படிப் பத்துப் பேர் இருந்தால் நூறு நிமிஷம் போய்விடும். மிச்சம் இருபது நிமிஷம். அதற்குள் உங்கள் அம்மா பாத்ரூம் போக மணி அடித்தால் யார் வருவது? யாரும் வராவிட்டால் அவரே எழுந்திருப்பார். இடுப்பு எலும்பு உடைவது அப்படித்தான். சிசிடிவியில் அது பதிவாகும், அவ்வளவுதான்.

ஆள் குறைவாக இருக்கும் இல்லம் குறுக்கு வழிகளைத் தேடும். சாயங்காலம் தண்ணீரைக் குறைப்பார்கள், படுக்கை நனையாமல் இருக்க. அதனால் உடம்பில் நீர் வற்றும், சிறுநீர்த் தொற்று வரும், லேசான மறதி திடீரென்று பெரிய குழப்பமாகத் தெரியும். தூக்க மாத்திரை இன்னொரு வழி. டாக்டர் சீட்டு இல்லாமல் எதுவும் தரக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். மூன்றாவது, துண்டால் கட்டிலோடு கட்டுவது, அறையை வெளியே பூட்டுவது. "விழுந்துடக் கூடாதுன்னுதான் சார்" என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோய் உள்ளவரைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. துண்டும் பூட்டும் தீயில் அதே வேலையைத்தான் செய்யும். மாடிப்படி கிரில் கதவின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று அந்த ஆயாவிடமே கேளுங்கள், மேனேஜரிடம் அல்ல.

பக்கவாதம் வந்தவர் என்பதால் ஒன்று கூடுதலாக. தண்ணீர் குடிக்கும்போது அம்மாவுக்கு இருமல் வருகிறதா? வந்தால் சேர்க்கும் முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எப்படியும் நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். படுத்தபடி ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால், அங்கே எப்படி ஊட்டுகிறார்கள் என்பதை நேரில் பார்த்துவிடலாம். இன்னொரு நாள் காலை ஆறரைக்குச் சொல்லாமல் போய், இரவு ஈரமான டயப்பர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். "விசிட்டிங் டைம் நாலு மணிக்குத்தான்" என்று வாசலிலேயே நிறுத்தினால் நான் அங்கே சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், உடம்பு மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், யார் செலவு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். முதல் மாதத்தைச் சோதனை மாதமாக வைத்துக்கொள்ளக் கேளுங்கள், முன்பணத்தை அதற்குப் பிறகு கட்டலாம். சேர்க்கும் அன்று அம்மாவின் எடையைக் குறித்து வையுங்கள். மாதாமாதம் பாருங்கள். இரண்டு மூன்று கிலோ குறைந்திருந்தால் சாப்பாடு சரியில்லையா, ஊட்ட ஆள் இல்லையா, வேறு நோயா என்று உடனே விசாரியுங்கள். புகார் சொல்லியும் கேட்கவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.