ஆற்று மணலில் கிடைத்த ரோமாபுரி மகாலட்சுமி

கேள்வி: கரூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருவர் பழைய ரோமானிய வெள்ளிக்காசு என்று ஒன்றைக் காட்டினார். அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாம். ஒரு பக்கம் ஆணின் தலை. மறுபக்கம் கையில் கிளையுடன் உட்கார்ந்திருக்கும் பெண். "ரோமாபுரி மகாலட்சுமி, பூஜையறையில் வைக்கலாம்" என்கிறார். விலை 4,000 ரூபாய். இதே போல இன்னும் மூன்று இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: மகாலட்சுமி இல்லை, ஐயா. உங்கள் வர்ணனைப்படி அது ரோமப் பேரரசன் திபேரியஸின் (ஆட்சி கி.பி. 14–37) தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு போலிருக்கிறது. அந்தப் பெண் அவன் தாய் லிவியா என்பார்கள் பலர். தலையைச் சுற்றியுள்ள எழுத்தின் பொருள்: 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர்.' வளர்ப்புத் தந்தையைத் தெய்வமாக்கியாயிற்று. அப்புறம் பிள்ளை யார்? செய்தித்தாள் இல்லாத காலத்தில் அரசியல் விளம்பரம் மடிச்சீலைக்குள் ஏறி ஊர் ஊராகப் போனது.

இயேசு காட்டச் சொல்லி "இந்தச் சொரூபம் யாருடையது?" என்று கேட்ட காசு இதுதான் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அதனால் கிராக்கி, கிராக்கியால் போலி. நல்ல நிலையிலுள்ள அசல் காசு 4,000 ரூபாய்க்கு வராது.

அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் தமிழ்நாட்டில் நிறையவே கிடைத்திருக்கின்றன. கரூரிலும் ரோமானியக் காசுகள் அகப்பட்டதுண்டு. விற்பவரின் கதை எடுபடுவது அதனால்தான். கதையை விடுங்கள், மற்ற மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் காசை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து முத்திரை பதித்தார்கள். ஒன்றில் தலை ஓரத்துக்கு நழுவியிருக்கும், ஒன்றில் விளிம்பு வெடித்திருக்கும். நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால் அவை அச்சில் ஊற்றி எடுத்த போலிகள். விளிம்பில் ஒட்டுக்கோடோ அரம் தேய்த்த தடமோ தெரிந்தாலும் அப்படியே. நகைக்கடைத் தராசில் ஏறக்குறைய 3.7 கிராம் காட்ட வேண்டும்; தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். வெள்ளிக்கடியில் செம்பு எட்டிப்பார்த்தால் அது ரோமானியர் காலத்துக் கள்ளக்காசாகவும் இருக்கலாம். அன்றைக்கே அந்தத் தொழில் நடந்திருக்கிறது!

இன்னொன்று. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஆற்றுக் கதை பொய்யென்றால் காசும் போலியாக இருக்கலாம். மெய்யென்றால் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரலாம். தொல்பொருள் விற்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டி, காசின் படத்தோடு பில் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். ஆசை பார்ப்பதோடு அடங்கும் என்றால், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.